முதல் பாய்

ஈஸ்டர் பாட்டுக் கச்சேரிக்குச் சேலை மாற்றிக்கொண்டு வந்த ரத்தினம்மாவை மாமியார் தாயம்மா வாசலிலேயே மறித்தாள்.

“இன்னா, இன்னிக்கும் முன்னாலதான் போய் குந்துவியா? பொம்பளைங்க எல்லாம் பின்னால குந்திக்கினு கீறாங்க. நீ மட்டும் மொதப் பாய்ல ஆம்பளைங்க மூஞ்சியப் பாத்துக்கினு... ஊரிகம் ஊரே காறித் துப்புதுடி.”

ரத்தினம்மா கணவனைப் பார்த்தாள். ஏசுபாதம் குனிந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை.

சுரங்கத்து வெடிச் சத்தம் அவன் காதை முக்கால்வாசி தின்றுவிட்டது. சபைக் கச்சேரியில் அவன் பாடும் பாட்டெல்லாம் மனப்பாடம்; மற்றவர்கள் நிறுத்தி அவன் தனியாக எடுக்கவேண்டிய இடம்தான் தெரியாது. அவள் முதல் பாயில் உட்கார்ந்து முந்தானைக்குள் விரலை அசைப்பாள், அவன் எடுப்பான். ஆளை இறக்கும் கேஜ் கூண்டின் மணி கேட்காதவனைச் சுரங்கத்துக் கேப்டன் துரை கீழே இறக்கமாட்டார். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். ரகசியம் அவனுக்கு, அவமானம் அவளுக்கு. நல்ல பங்கீடு!

சபைக் கொட்டகையில் தாயம்மா அவள் கையை இறுகப் பிடித்துக் கடைசிப் பாயில் உட்காரவைத்தாள். முன்னால் நாற்காலியில் கேப்டன் துரை. வால்டர் வாத்தியார் ஆர்மோனியத்தின் மேல் குனிந்து தொடங்கினார். ஏசுபாதத்தின் கண் முதல் பாயில் அவளைத் தேடியது. மற்றவர்கள் முடிக்குமுன்பே எடுத்துவிட்டான். கூட்டம் சிரித்தது. மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை எல்லோரும் நிறுத்திக் காத்திருக்க, அவன் எடுக்கவே இல்லை.

“உன் தரித்திரம்டி, என் புள்ள இப்பிடி நிக்குது...”

ரத்தினம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றாள்.

“என்னைக் கேக்காதீங்க அத்தே. உங்க புள்ளயக் கேளுங்க.”

அவள் முகத்தைப் பார்த்த ஏசுபாதம் மேடையைவிட்டு இறங்கி வந்தான்.

“அம்மா, அவ கைய வுடு. எனக்குக் காது கேக்கல. அவ வெரலப் பாத்துத்தான் ரெண்டு வருசமா பாடறேன். நீ திட்டும்போதெல்லாம் வேலைக்குப் பயந்து வாய மூடிக்கினு இருந்தேன்...”

கேப்டன் துரையின் காதில் யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். நாளை ஷிப்டுக்கு இறங்கவேண்டாம், தன்னை வந்து பார்க்கட்டும் என்றார் அவர்.

“இத வூட்லயே சொல்லியிருக்கலாம்,” என்று ரத்தினம்மா அழுதாள். அழுகையிலும் கோபம் தணியவில்லை.

“நீயாவது சொல்லக்கூடாதாடி?” தாயம்மாவின் குரல் உடைந்தது.

“சொன்னா உங்க புள்ள சோறு போயிடும் அத்தே.”

தாயம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவள் கையைப் பிடித்துக் கூட்டத்தை விலக்கி, முதல் பாய்க்கு இழுத்துப்போனாள். யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

“இன்னா மொறைக்கிறீங்க? என் மருமவ இங்கதான் குந்துவா.”

ஆர்மோனியம் மறுபடி ஒலித்தது. ரத்தினம்மா முந்தானையை ஒதுக்கிவிட்டு, எல்லோரும் பார்க்கக் கையை உயர்த்தினாள். ஏசுபாதம் சரியான இடத்தில் எடுத்தான்.