ஒலிநாடாவில் விழாத பேச்சு

ஹில்டா என்ட்விசில் வீட்டுக் கதவை மூன்று முறை தட்டினேன். பிறகு வழக்கம்போல ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று கையை ஆட்டினேன். எங்கள் மில் ஊரான ஆர்க்கன்ஷாவில் பழைய நெசவுக்காரிகள் வீட்டுக்குப் போகிற முறையே அதுதான். முப்பது நாற்பது வருடம் தறிச்சத்தத்தில் நின்றவர்களுக்குக் காது கம்மல் போடுவதற்கு மட்டும்தான்.

1987 நவம்பர், பிற்பகல் இரண்டு மணி, மழை. கையில் டேப் ரெக்கார்டர், பையில் ஆறு கேசட்.

நான் நோரா கெர்ஷா. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர். செயலாளர் என்றால் டீ போடுகிறவள், நாற்காலி அடுக்குகிறவள், நினைவுப் புத்தகத்துக்காக வீடு வீடாக அலைகிறவள். மேடையில் பேசுவதற்குத் தலைவர் பில்லிங் இருக்கிறார். "சந்தோஷமான ஞாபகமா வாங்கிட்டு வாங்க நோரா, ஆளுக்கு ரெண்டு பக்கம் போதும்" என்று சொல்லி அனுப்பினார்.

எனக்கு வேண்டியது சந்தோஷமான ஞாபகம் இல்லை. ஒரே ஒரு நாள் வேண்டும். 1934 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு என் அம்மா எல்லன், மில்லின் தறிக்கூடத்தில் செத்துப்போனாள். தலைமுடி இயந்திரப் பட்டையில் சிக்கிக்கொண்டது. எனக்கு அப்போது மூன்று வயது. ஒன்பது வயதில் பள்ளி மைதானத்தில் ஒரு பெண் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "உங்கம்மா தானாத்தான் தலையைக் குடுத்தாளாம்." என்னை வளர்த்த பெர்த்தா பெரியம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உருளைக்கிழங்கு சீவினாள். சாகிற வரைக்கும் அப்படியேதான் இருந்தாள். அம்மா என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனாளா என்பது ஐம்பத்தாறு வயதிலும் எனக்குத் தெரியாது.

அம்மாவுக்குப் பக்கத்துத் தறியில் நின்றவள் ஹில்டா. வயது எண்பத்துநாலு.

"வா கண்ணு, வா. நனைஞ்சு போயிட்டியே. கெட்டில் கொதிக்குது பாரு."

இரண்டு மணி நேரம் பேசினாள். விடுமுறை வாரத்தில் மொத்த ஊரும் ரயிலேறிக் கடற்கரைக்குப் போனது, ஆட்டுக்குடல் கடைக்காரனின் பொய்க்கால், தறியில் நூல் கொண்டு ஓடும் நாடாவின் துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி உறிஞ்சி முப்பது வயதுக்குள் முன்பற்கள் போனது. எல்லாம் கணீரென்ற குரலில். பில்லிங்குக்குப் பத்துப் பக்கம் தேறும்.

"ஆன்ட்டி, அம்மா செத்த அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கத்திக் கேட்டேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். முன்னால் சாய்ந்தாள்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

உதடுகள் மட்டும் பெரிது பெரிதாக அசைந்தன. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நெசவுக்காரிகளின் அந்த உதட்டுப்பேச்சுக்கு எங்கள் ஊரில் மீமா என்று பெயர். நூறு தறி ஓடுகிற இடத்தில் குரலுக்கு வேலையில்லை என்பதால் வந்த பழக்கம். மில்லை மூடிய பிறகும் விடவில்லை. பிரசவம், புற்றுநோய், அடுத்தவள் புருஷன் என்று வந்தால் சத்தம் நின்றுவிடும், உதடு ஓடும். ஊரில் பாதிப் பேருக்கு அது புரியும். எனக்குப் புரியாது. பெரியம்மா அதை வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

"சத்தமா சொல்லுங்க ஆன்ட்டி! டேப்ல விழாது!"

அவள் பாட்டுக்கு உதட்டை அசைத்து முடித்தாள். பெருமூச்சு விட்டாள். பார்க்கின் என்கிற இஞ்சிக் கேக்கை என் பக்கம் தள்ளினாள்.

"என்ன சொன்னீங்க?"

"சொன்னதைத் திருப்பிச் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தாள்.

மறுநாள் காலை சமையலறை மேஜையில் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். கடற்கரை வந்தது, பொய்க்கால் வந்தது, பல் வந்தது. என் கேள்வி வந்தது. அதன் பிறகு வெறும் நாடா ஓடுகிற இரைச்சல்தான் இருக்க வேண்டும்.

தறி ஓடியது.

முதலில் மழை என்றுதான் நினைத்தேன். ஒலியைக் கூட்டினேன். தடக் தடக் என்று ஒன்று, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் நூறு. மேஜை மேலிருந்த கோப்பை அதிர்ந்தது. சமையலறையில் எண்ணெய் வாசனை வந்தது. ஈரப் பருத்தியும் சூடான இயந்திர எண்ணெயும் கலந்த வாசனை. சரியாக நாற்பது விநாடி. பிறகு ஹில்டாவின் பெருமூச்சு கேட்டது, கேக் தட்டு நகர்ந்தது.

ஆர்க்கன்ஷாவில் கடைசித் தறி நின்று இருபத்தோரு வருடம் ஆகிவிட்டது. மில் இருந்த இடத்தில் இப்போது கார்ப்பெட் கடை.

டேப் ரெக்கார்டரைத்தான் முதலில் திட்டினேன். கடைக்காரனோடு சண்டை போட்டு வேறு ஒன்று வாங்கினேன். இரண்டாவது தடவை போனேன், மூன்றாவது தடவை போனேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஹில்டாவின் குரல் அறுந்தது, அதே இடத்தில் நாடாவில் தறி ஓடியது. மூன்றாவது நாள் என் பொறுமை செத்தது.

"என்னை என்ன பைத்தியக்காரின்னு நினைச்சீங்களா? என் மூஞ்சியைப் பார்த்துக் குரலெடுத்துச் சொல்லுங்க! என்கிட்ட சொல்ல என்ன பயம்?"

ஹில்டா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உங்கிட்ட நான் எங்கடி பேசினேன்?" என்றாள் மெதுவாக. "பின்னால நிக்கிறவ கேட்கிறா. அவளுக்குப் பதில் சொல்றேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். சுவர். ராணியின் படம் போட்ட காலண்டர். என் ஈரக் கோட்டு.

"யாரு ஆன்ட்டி?"

அவள் பார்வை என் இடது தோளுக்கு மேலேயே நின்றது. உதடுகள் மறுபடி அசைய ஆரம்பித்தன.

அன்று குடையை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டே வந்தேன். இருந்தாலும் நான் ஆசிரியை. பயத்தைவிட எரிச்சல்தான் எனக்கு எப்போதும் முந்திக்கொண்டு வரும். நான் வேலை பார்த்த பள்ளியில் வீடியோ கேமரா இரவல் வாங்கினேன். நான்காவது முறை போய் ஹில்டாவின் முகத்துக்கு நேரே வைத்து எடுத்தேன். குரல் வேண்டாம், உதடு போதும்; அன்று அம்மாவோடு நின்றவர்களில் அதைப் படித்துச் சொல்ல இன்னும் ஒருத்தி மிச்சம் இருக்கிறாள்.

ஹில்டா அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கேக் தட்டு மடியில் இருக்க. அடக்கத்தின்போது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னொரு வாரம் இருந்திருக்கக் கூடாதா?

மிச்சம் இருந்தவள் ஆக்னஸ் ஷார்ப்பிள்ஸ். அம்மாவின் தறிக்கு எதிர்த் தறிக்காரி. ரயிலடிக்குப் பக்கத்து முதியோர் இல்லத்தில் இருந்தாள். காது சுத்தமாகப் போய்விட்டது. அதனால் இடி இடிப்பது போலத்தான் பேசுவாள். மீமாவில் பேச மறந்தவள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவளாவது சத்தம் போடுவாள் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

கூடத்தில் எட்டுக் கிழவிகள் மேஜையைச் சுற்றி பிங்கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். மூலையில் இருந்த தொலைக்காட்சியில் நான் எடுத்த படத்தைப் போட்டேன். திரையில் ஹில்டாவின் வாய் அசைந்தது. ஆக்னஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"'வேணாம் எல்லன். இன்னும் எதுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கே. அவ பெரியவளாயிட்டா. தலை நரைச்சுப்போச்சு பாரு. உன் பேச்சு அவளுக்குப் புரியாது.'" ஆக்னஸ் நிறுத்தினாள். "ஹில்டா எங்கடி எல்லனைப் பார்த்தா?"

எல்லார் முன்னாலும் வாய்விட்டுக் கேட்க மனமில்லாமல் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். அம்மா தானாகச் செத்தாளா?

ஆக்னஸின் முகம் சிவந்தது.

"எந்த நாய் சொல்லுச்சு அப்படி?" பிங்கோ நின்றது. "உன்னைப் பார்த்துக்கிட்டிருந்த கிழவி தூங்கிட்டா. நீ தெருவுல தனியா நடந்து மில்லுக்கு வந்துட்டே. தறிக்கூடத்துக் கதவுல நின்னே. உள்ள ஒரு கால் வச்சே. பட்டை எல்லாம் உன் தலை உயரத்துக்கு ஓடுது. கத்தினா யாருக்குக் கேக்கும்? எல்லன் தறி மேல எட்டிக் குனிஞ்சு வாயால சொன்னா: அங்கேயே நில்லு, உள்ளே வராதே. அவ பார்வை முழுக்க உன் மேல. முடி பட்டையில போனதை அவ பார்க்கலை."

ஆக்னஸ் திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ நின்னுட்டே. மூணு வயசுல அம்மா வாயைப் படிச்சு, சொன்னபடி கதவுலயே நின்னே. எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு நின்னே. உன்னாலதான்னு ஒரு நாளும் உன் காதுல விழக்கூடாதுன்னு அன்னிக்கே நாங்க சத்தியம் பண்ணோம். சத்தமா ஒருத்தியும் சொல்லக் கூடாது."

என்னைக் காப்பாற்றினார்களாம். நாற்பத்தேழு வருடம் என் அம்மா என்னை வேண்டாம் என்றாள் என்று நம்பவிட்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. அதே நேரம் என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு விழுந்தது. அவள் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். எட்டுக் கிழவிகளும் பிங்கோ அட்டையைக் கீழே வைத்திருந்தார்கள். எட்டுப் பேரும் ஒரு காலத்தில் நெசவுக்காரிகள்.

எட்டுப் பேரும் என் இடது தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி மெல்லத் தலையாட்டினாள். யாரோ சொல்வதைக் கேட்டுக்கொள்கிறவள் போல.

"என்ன சொல்றா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என் உதட்டைப் படித்த ஆக்னஸ் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "அதையேதான் சொல்றா கண்ணு. நில்லு, வராதேன்னு."

ஜனவரியில் நூலகத்தில் உதடு படிக்கும் வகுப்பில் சேர்ந்தேன். காது மந்தமானவர்களுக்கான வகுப்பு. செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு. ஒரு சின்னப் பெண் சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகச் சொன்னாள். கூடத்துக் கண்ணாடியில், வாசல் வெளிச்சத்தில், தினமும் அரைமணி நேரம் சத்தமில்லாமல் பேசினேன். ரொட்டி. வெண்ணெய். மழை வருது.

பிப்ரவரியில் ஒரு காலை, கண்ணாடியில் இரண்டு வாய்கள் அசைந்தன.

முகம் தெரியவில்லை. என் தோளுக்குப் பின்னால் ஒரு மங்கல், அதில் ஒரு வாய். உதட்டின் மேல் பஞ்சுத்தூசி ஒட்டியிருந்தது. எண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. கண்ணை எடுக்காமல் படித்தேன்.

அங்கேயே நில்லு. உள்ளே வராதே.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். ஐந்து வாரம், ஒரு நாள் விடாமல். முதலில் பயந்தேன், பிறகு அழுதேன். கடைசியில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு எரிச்சல் வந்தது. பெற்றவளிடம் பேச ஒரு வழி கிடைத்திருக்கிறது, அவளோ அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் வளர்ந்தது, படித்தது, கல்யாணம் ஆகாமலே போனது, எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு இன்னும் அதே வெள்ளிக்கிழமைதான்.

போன திங்கட்கிழமை, நான் பழகிய அத்தனையையும் சேர்த்து, உதட்டால் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அம்மா. நான் வரலை. கதவுலயேதான் நிக்கிறேன். தறி எல்லாம் நின்னுபோச்சு. பட்டையும் நின்னுபோச்சு. பயப்படாதே.

அந்த வாய் அசைவதை நிறுத்தியது.

ஐம்பத்துமூன்று வருடத்தில் முதல்முறையாக மூடிக்கொண்டது. அவள் போய்விட்டாள் என்று நினைத்தேன். அன்று முழுக்க வீடு லேசாக இருந்தது. இரண்டு கேக் சுட்டு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனேன். ஆக்னஸ் என் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தாள். என் தோளுக்கு மேலே பார்க்க மட்டும் மறுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்குக் கிளம்பும்போது கண்ணாடியைப் பார்த்தேன். வாய் திரும்ப வந்திருந்தது. தோளுக்கு மிக அருகில். சிரித்துக்கொண்டிருந்தது. முன்பற்கள் இல்லை.

இந்த முறை வேறு வார்த்தை. படிக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

தறி நின்னுபோச்சா? அப்ப உள்ளே வா.

கண்ணாடியைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். கெட்டிலின் பளபளப்பிலும் தெரிகிறது என்பதால் அதைத் துணியால் சுற்றியிருக்கிறேன். பில்லிங் இந்தப் பக்கங்களைப் படித்தால் புத்தகத்தில் சேர்க்க மாட்டார் என்று தெரியும். இருக்கட்டும். ஊரில் யாராவது ஒருத்தியாவது இதைச் சத்தமாகச் சொல்லிவைக்க வேண்டும் என்று நேற்று இது முழுவதையும் கேசட்டில் பேசிப் பதிவு செய்தேன். இன்று போட்டுக் கேட்டேன். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை தறிதான் ஓடுகிறது.

இன்று காலை கண்ணாடி இல்லாமலே தலை வாரினேன். சீப்பில் நரைமுடியோடு வெள்ளைப் பஞ்சு வந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு, கதகதப்பாக.

மூன்று வயதில், அம்மா சொன்னதை அப்படியே கேட்ட பிள்ளை நான்.