சங்கிலிக்குப் பின்னால் வந்த கார்

மூன்று நாள் வெயிலில் நின்ற காரிலிருந்து இன்னும் கடல்நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சேதுபதிக்கு அது பிடிக்கவில்லை. தெங்கேரா கடற்கரைச் சாலையிலிருந்து கடலுக்குள் பாய்ந்து, ஓட்டியவரோடு மூழ்கிய கார் அது. நாடு மெர்டேக்கா என்று சுதந்திரம் கொண்டாடி இரண்டு மாதம் ஆகியிருந்தது. காரை காஜா பெராங்கில் இருந்த பட்டறைக்கு இழுத்துப்போக லாரியோடு வந்திருந்தான். சங்கிலி மாட்டியதும், தங்கை விஜயாவின் கணவன் நடராஜன் காருக்குள் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

லாரிக் கதவில் முதலாளி புதிதாக ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார். இழுத்து வரும் வண்டியைப் பார்க்க வசதி என்றார். சேதுபதிக்கோ கண் அதிலேயே போய் ஒட்டிக்கொண்டது. அந்தி மழை பிடித்து, ஈரத் தாரும் அழுகிய சேறும் கலந்த வாடை இருக்கைவரை ஏறி வந்த நேரத்தில், கண்ணாடிக்குள் நடராஜனின் தோளுக்குப் பின்னால் இன்னொரு தலை மெல்ல நிமிர்ந்தது.

எதிரே வந்த சைக்கிள்காரர் அலறி ஒதுங்கினார். சேதுபதி லாரியை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினான்.

“மச்சான், பின்னால யாரு?”

நடராஜன் திரும்பிப் பார்த்தான். “யாரும் இல்ல லா. கண்ணாடியவே பாத்துக்கிட்டு வந்து ஒரு ஆளக் கொல்லப் பாத்த. ரோட்டப் பாரு சேது. ஏதாச்சும்னா நான் கத்துறேன்.”

பின்னிருக்கை காலிதான். நடுவில் மட்டும், ஆள் உட்கார்ந்ததுபோல் ஒரு பள்ளம்.

அதன்பின் சேதுபதி கண்ணாடி பக்கம் திரும்பவில்லை. மழை லாரிக் கூரையில் ஆணி கொட்டுவதுபோல் இறங்கியது. சங்கிலி ஒருமுறை வெட்டி இழுத்தது. குழியாக இருக்கும். மறுபடியும் இழுத்தது. எஞ்சின் இரைச்சலுக்கு அடியில் ஏதோ குரல். மழைதான். ரோட்டைப் பார். ரோட்டை மட்டும்.

பட்டறை வாசல் தெரிந்த பிறகே கண்ணாடியைப் பார்த்தான்.

காரின் பின்கதவுச் சன்னலில் ஒரு கை தொங்கியது. நடராஜனின் காக்கிச் சட்டைக் கை. கார் குலுங்கும்போதெல்லாம் அதுவும் ஆடியது.

பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த கார் லாரியை இடிக்கவில்லை. யாரோ பக்குவமாக மிதித்து நிறுத்தியிருந்தார்கள்.

இறங்கினான். நடந்தான்.

பின்னிருக்கையில் நடராஜன் சாய்ந்து கிடந்தான். திறந்த கண்கள். வாய் நிறையச் சேறு.

ஓட்டுபவர் இருக்கையில் யாருமில்லை. கீழே பிரேக் மிதி அடிவரை அமுங்கியிருந்தது. சேதுபதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக, மிக மெதுவாக, மேலே எழும்பியது.