ஈரம் காயுமுன் மடித்த பக்கம்

"நகரச் சொல்லலீங்க. நகராம நின்னா போதும்."

"நான் வேலை பார்க்கணுமே."

"நானும் வேலைதான் பார்க்கறேன்."

வரைந்துகொண்டே சொன்ன பிறகுதான் அவளுக்கே தன் துணிச்சல் உறைத்தது. முன்பின் தெரியாத ஆள்... அதுவும் நடுத்தெருவில். ஆனால் தெரு அவ்வளவு குறுகல். இந்தப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு, எதிர்ப்பக்கம் நிற்பவரோடு குரலை உயர்த்தாமலே பேசலாம்.

அவன் கையில் அளவு நாடா இருந்தது. காலடியில் சிவப்புப் பெயிண்ட் டப்பா. தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஆறு மாதமாகப் பேச்சு. கடைசியில் அளப்பவனே வந்துவிட்டான்.

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"உங்க மூக்கு முடியற வரைக்கும்."

"அவ்வளவு நீளமா?"

"அளந்து பார்த்துக்குங்க. நாடா உங்ககிட்டதானே இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நாடாவின் எண்ணைப் படித்தான். படிக்கும்போது இடது கண் சுருங்கியது, புருவம் மட்டும் மேலே ஏறியது... மழைக்கு முன்னால் வானம் இருட்டுமே, அப்படி ஒரு கண். அவள் பேனா அந்தப் புருவத்தில் தேவைக்கு மேல் ஒரு கணம் தங்கியது.

அவள் மடியில் விசிறி போல மடிந்துகிடந்தது அந்தப் புத்தகம். பழைய கண் பரிசோதனை அட்டைகளின் பின்புறங்களை வரிசையாக ஒட்டி அவளே செய்தது. இழுத்தால் தெரு விரியும்: தையல் கடை, பூட்டுக் கடை, சைக்கிள் கடை, அப்பாவின் கண்ணாடிக் கடை. அடுத்த மடிப்பில் மருந்துக் கடை. இடிப்பதற்குள் தெரு முழுவதையும் வரைந்துவிட வேண்டும் என்று தொடங்கியது. மருந்துக் கடைக்கு முன்னால்தான் இவன் வந்து நின்றான்.

மூக்கு முடிந்ததும் அவனாகவே தெருவைக் கடந்து வந்து பார்த்தான். தன் படத்தைப் பார்க்கவில்லை, அவள் வரைந்த தெருவைத்தான் பார்த்தான்.

"உங்க தெரு இந்த இடத்துலேர்ந்து சாயுதே."

தெரு சாயவில்லை, ஒட்டியதுதான் சாய்ந்துவிட்டது என்றாள். பசை தடவும்போது மறுமுனையை அக்கா பிடித்துக்கொள்வாள். போன வருடம் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அதிலிருந்து தனியாக ஒட்டுகிறாள், தாள் கோணிக்கொள்கிறது. அவன் ஏதோ முக்கியமான கணக்கைக் கேட்டவன் போலத் தலையசைத்துவிட்டுப் போனான்.

போனவன் நேராக அப்பாவின் கடைக்குள் நுழைந்தான்.

இடது கையால் அவன் சுவரில் சிவப்புக் கோடு இழுப்பது இங்கிருந்தே தெரிந்தது. வாசலிலிருந்து இரண்டரை அடி உள்ளே. அவன் பின்னாலேயே அப்பாவும் வெளியே வந்தார். அரை அடி விட்டுக்கொடுத்தால் லென்ஸ் அறுக்கும் மெஷின் தப்பிக்கும், அதைத் தரையோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறது என்று சொன்னார். யாரிடமும் எதையும் கேட்காத அப்பா. கோடு எல்லாருக்கும் ஒன்றுதான் சார் என்றான் அவன், மரியாதையாகத்தான். அப்பாவின் காது மட்டும் சிவந்துபோயிற்று.

அப்போது பார்த்து மழை... முதல் துளி தாளில் விழுவதற்குள் புத்தகத்தைப் பட்டென்று மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அவள் அந்தக் கடைக்குள் நுழைவதைப் பார்த்ததும், பக்கத்துக் கடைக்குக் கோடு போடப் போன அவன் கையிலிருந்த தூரிகை அந்தரத்தில் நின்றது.

இவ கடையா?

அவன் கண்கள் கேட்டன. அப்பா கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை அப்பா மேஜையில் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்.

"இவனை ஏம்மா நம்ம வாசல்ல நிக்க வெச்சே?"

அவள் எட்டிப் பார்த்தாள். மருந்துக் கடைக்கு முன்னால் நின்றவன், மடிப்புக்கு எதிர்ப் பக்கத்தில் அவர்கள் வாசலிலும் நின்றான். மங்கலாக, மழைக்குள் நிற்பவனைப் போல...

அப்பா பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். "இதுல நாடா வலது கையில இருக்கு. அவன் இடது கைக்காரன்." குரலில் நிம்மதி வந்தது. "மை காயறதுக்குள்ளே மடிச்சுட்டே, அதான் இடவலம் மாறி ஒட்டிக்கிச்சு. வெள்ளை பூசினா போயிடும்."

வெள்ளை மைப் புட்டியை அவரே எடுத்துக் கொடுத்தார். அவள் மூடியைத் திறந்தாள். மெல்ல மறுபடி மூடினாள்.

"இருக்கட்டும்பா."

முப்பது வருடமாகப் பிறர் கண்ணுக்குள் பார்த்தே பிழைத்தவர். மகளின் கண்ணைப் பார்க்க அவருக்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தில் மருந்துக் கடை இருந்த பக்கத்துக்குத் திரும்பினார். அந்த இடது கண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அவன் தெருவில் போனபோது அப்பாதான் கூப்பிட்டார்.

"தம்பி, உள்ளே வாங்க. உங்களுக்கு இடது கண்ணுல கோளாறு இருக்கு. என் பொண்ணு வரைஞ்சிருக்கா. கண்ணு தெரியாதவர் போட்ட கோட்டுக்கு நான் ஏன் மெஷினை இழக்கணும்?"

அவளுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவனோ மறுபேச்சின்றி நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பா எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். இடது கண் கடைசி மூன்று வரிகளில் திணறியது. வெற்றிப் புன்னகையோடு அப்பா லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சரிபார்த்தார். பிறகு அந்தப் பரிசோதனைச் சட்டத்தைக் கழற்றாமலே, இப்போது அளந்து பாருங்கள் என்றார்.

மூக்கின் மேல் இரண்டு வட்ட இரும்பு வளையங்களோடு அவன் குனிந்து அளந்தான். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அவளால் சிரிக்க முடியவில்லை. அரை அடி குறைத்துச் சொல்லேன்... அப்பா சிரித்துவிடுவார், எல்லாம் சுலபமாகிவிடும். சொல்லிவிடாதே... அப்படிப் பொய் சொன்னால் அந்தப் பக்கத்தில் வெள்ளையைப் பூசிவிட வேண்டியதுதான்.

அவன் இரண்டு முறை அளந்தான். மூன்றாவது முறையும்.

"ரெண்டரை அடிதான் சார்."

அப்பா சுவரிலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

"வேற எந்தக் கடைன்னாலும் இதேதான் சொல்லியிருப்பேன்." அவன் நாடாவைச் சுருட்டினான். சுருள் நழுவியது. "ஆனா... வேற எந்தக் கடையிலயும் எனக்குக் கை நடுங்கினதில்லை சார்."

சார் என்றது அப்பாவை. கண் மட்டும் வேறு பக்கம் இருந்தது.

அப்பா சட்டத்தை அவன் முகத்திலிருந்து கழற்றி, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்தார். "வியாழக்கிழமை கண்ணாடி ரெடியாயிடும்," என்றார். மெஷினை வேறெங்கே போடலாம் என்று பார்க்கிறேன் என முணுமுணுத்துக்கொண்டே பின்னறைக்குப் போனார். போனவர், இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கதவைச் சாத்தவில்லை. ஆனால் திரும்பியும் வரவில்லை.

வெளியே மழை தொடங்கியிருந்தது. அவள் புத்தகத்தை அவன் முன் விரித்தாள்.

"நான் இங்கே நிக்கவே இல்லையே," என்றான் அவன்.

"ஈரத்துல ஒட்டிக்கிச்சு."

"அழிக்கலையா?"

"மனசு வரலை."

அவன் தன் மங்கலான உருவத்தை விரலால் தொடப் போய், தொடாமல் நிறுத்தினான். காது நுனி சிவந்தது... அட, இவருக்கும் சிவக்குமா?

அவள் எழுந்து பசைக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். புது அட்டை ஒன்றை மேஜையில் புரட்டிப் போட்டாள். அவன் நிழல் அதன் வெள்ளைமேல் விழுந்தது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. அட்டையைப் பார்த்தே பேசினாள்.

"இடிச்ச பிறகு வரையவும் இந்தத் தெருவுல நிறைய இருக்குங்க. தாள் சேர்ந்துக்கிட்டே போகும்... தனியா ஒட்டினா கோணலாயிடுது." தூரிகையைப் பசையில் தோய்த்தாள். "மறுமுனையை நீங்க பிடிச்சுக்கறீங்களா?"