வெளிச்சத்துக்கு முதுகு காட்டிய தண்டு

ஜன்னல் விளிம்பில் வைத்த செடி வெளிச்சம் வரும் பக்கமாகத்தான் சாயும். தண்டின் நிழல்பட்ட பக்கம் விரைவாக நீளும், வெயில்பட்ட பக்கம் மெதுவாக நீளும். நீண்ட பக்கம் தள்ளத் தள்ள, செடி வெளியே எட்டிப் பார்க்கும். யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படிப்பித்த காலத்தில் சிவகௌரி இதைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை கீறிக் காட்டியிருக்கிறாள். அதனால்தான் அன்று மாலை குசினிக்குள் வந்தவள், கையிலிருந்த பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த தண்டு வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்பக்கமிருந்த மற்றத் தண்டின் மேல் சாய்ந்திருந்தது.

இரண்டையும் காலையில் ஊன்றித் தந்தவள் கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரி மிஸிஸ் பார்லோ. லண்டன் மனோர் பார்க்கில் அந்த வரிசை வீட்டின் மேல்மாடியைத்தான் சிவகௌரியும் கணவன் யோகலிங்கமும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மறுநாள் நடுக்கோடைத் திருநாள். கிழவி வாசலுக்கு மேல் மஞ்சள் பூக்கொத்தொன்றைச் செருகிவிட்டு, கூரையிலிருந்து கழன்ற சிலேட்டு ஓட்டில் களிமண்ணை அப்பி, தோட்டத்துச் செடியொன்றின் இரண்டு தண்டுகளை முறித்து ஊன்றினாள். உள்பக்கத்தது நீ, கண்ணாடிப் பக்கத்தது உன் புருஷன் என்றாள். ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால் அன்பு, விலகினால் வெறுப்பு, வாடினால், வாடியவருக்கு இது கடைசி வருஷம். சொல்லிச் சிரித்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். திருநாள் விடியற்காலையில் புல்லின் பனியில் முகம் கழுவுவது வழக்கமாம், அங்கே புல்தரை பெரிதாம்.

தண்ணீர் ஊற்றத் தேவையில்லையா என்று சிவகௌரி கேட்டதற்கு, தேவையில்லை, இது இலேசில் சாகாது என்றிருந்தாள். இலையைத் தொட்டுப் பார்த்ததும் சிவகௌரிக்குக் காரணம் விளங்கியது. விரல் தடிப்பில் சதை. அதற்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஊரில் பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டிபோட வைக்கும் இலையின் இனம்தான் இதுவும்.

சாய்ந்தால் அன்பு. அவளுடைய கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. ஆனி வெயிலிலும் அவள் கழுத்துவரை மூடிய சட்டைதான் போட்டிருந்தாள். பகலில் கடையில் அரிசி மூட்டை அடுக்கும்போது கூட வேலைசெய்யும் செல்வமலர் அந்தக் கொலரை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது?"

"சங்கிலி உரஞ்சினது."

"உன்ரை சங்கிலிக்கு விரலும் இருக்கோ?" என்றாள் செல்வமலர். "டூட்டிங்கிலை என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்கு. உடுப்பை எடுத்துக்கொண்டு வா. டூட்டிங் என்ன சந்திர மண்டலமோ?"

நாளைக்கு வருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

படுக்கையறைக் கதவு கிரீச்சிட்டது. பகலெல்லாம் தூங்கிய வியர்வை வாடையோடும், எவ்வளவு கழுவினாலும் போகாத பெற்றோல் மணத்தோடும் யோகலிங்கம் வந்து நின்றான். பெற்றோல் ஸ்டேஷனில் அவனுக்கு இரவு ஷிப்ட்.

"இஞ்சாரும், தேத்தண்ணி." பிறகு ஜன்னலைப் பார்த்தான். "இதென்ன புதுச் சாமி?"

"கீழ்வீட்டு மனிசி வைச்சது. சோடிப் பொருத்தம் பாக்கிறதாம்."

"எது நான்?"

அவள் காட்டினாள்.

"பாரும், உம்மிலை எவ்வளவு பாசம் எண்டு." சிரித்துக்கொண்டே தேநீரை முழுவதும் குடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். கை துடைத்தான். அந்தக் கையின் பெருவிரலை அவள் கழுத்துக் குழியில், பொத்தானை அமத்துவதுபோல, மெல்ல வைத்தான். "செல்வமலர் போன் எடுத்தவ. நீரெண்டு நினைச்சுச் சொல்லிப்போட்டா, அறை துப்பரவாக்கியாச்சாம்."

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"இப்ப நேரமில்லை. விடிய வந்து கதைப்பம்."

படியிறங்கிய காலடி. கதவு சாத்திய ஓசை. வெளியிலிருந்து சாவி திரும்பியது. கூடத்திலிருந்த தொலைபேசியின் டயலில் அவன் எப்போதோ போட்ட சின்னப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அழைப்பு வரும், போகாது. விடியும்வரைதான் அவளுக்குக் காலம்.

நடுக்கோடையில் லண்டனில் பொழுது இலேசில் படாது. மஞ்சள் வெளிச்சம் சுவரில் அப்படியே நின்றது. எங்கோ புல் வெட்டிய பச்சை மணமும் பக்கத்து வீட்டில் வெங்காயம் பொரியும் மணமும் ஜன்னலால் வந்தன. அந்த மணங்களுக்கு அடியில், மிக அருகில், நார் முறுகும் சத்தம் கேட்டது. அவள் பார்த்தாள். அவனுடைய தண்டு இன்னும் வளைந்திருந்தது. அதன் நுனி அவளுடைய தண்டைச் சுற்றி வந்து, மேல் இலைகளுக்குக் கீழே, கழுத்து இருக்கவேண்டிய இடத்தில், இறுகிக்கொண்டிருந்தது.

அவளுடைய தொண்டை அடைத்தது. அறையில் யாருமில்லை. ஆனாலும் அடைத்தது. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள். நாக்கு தடித்தது. கை மேசையில் தடவித் தடவிக் கத்தியைப் பிடித்தது.

வெட்டினாள். வெட்டிய இடத்திலேயே திரும்ப வெட்டினாள். தண்டு சிலேட்டில் துள்ளியது. நுனி, நடு, அடி. அடித்துண்டையும் களிமண்ணிலிருந்து பிடுங்கி வெட்டினாள். சாறு கையில் ஒட்டியது, இளஞ்சூடாக இருந்தது. துண்டுகளை அள்ளி ஜன்னலால் பின்வளவுப் புல்லில் எறிந்தாள்.

மூச்சு வந்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். பிறகு, பல மாதங்களுக்குப் பின், பயமில்லாமல் தூங்கிப்போனாள்.

தொலைபேசி மணி எழுப்பியபோது வானம் வெளுத்திருந்தது.

"அக்கா, நான் பெனடிக்ற்." கணவனோடு வேலைசெய்கிற பையன். "விடிய ஷிப்டுக்கு வந்தனான். அண்ணை… ஆரோ வெட்டிப்போட்டாங்கள், அக்கா. துண்டு துண்டாய்."

அவள் உள்ளங்கையில் காய்ந்த சாற்றைப் பார்த்தாள். அது பச்சையாக இல்லை.

"பொலிசு வந்து சீலையாலை மூடினது. அம்புலன்ஸ் வந்து தூக்கேக்கை… அக்கா, கேக்கிறியளோ? சீலைக்குக் கீழை ஒண்டும் இல்லை. ஈரம் மட்டும்தான்."

குட்டிபோடும் இலை. அந்தப் பாடத்தின் இன்னொரு பாதியும் இப்போது அவளுக்கு நினைவு வந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சைக்குக் கொடுத்த கேள்வி. அந்த இனத்தை வெட்டினால் சாகாது. வெட்டிய ஒவ்வொரு துண்டிலிருந்தும் வேர் வரும், தளிர் வரும். கொஞ்சம் ஈரம் போதும்.

ஜன்னலுக்குப் போனாள்.

பனி வானத்திலிருந்து விழுவதில்லை. இரவில் புல் சூட்டை இழக்க, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. வளவு முழுக்க அப்படிப் படிந்து சாம்பல் நிறமாகக் கிடந்தது. அந்தச் சாம்பலில் கரும்பச்சைத் தடங்கள். ஏதோ இழுபட்டுப் பனியைத் துடைத்துக்கொண்டு போன தடங்கள். ஒவ்வொன்றும் அவள் எறிந்த துண்டு விழுந்த இடத்தில் தொடங்கியது. எல்லாம் வீட்டுப் பக்கம் வந்தன.

கீழே சாவி திரும்பியது.

படிகளில் காலடி. ஈரக் காலடி. ஒருவருடையது இல்லை. ஏதோ ஒன்று நடக்காமல் இழுபட்டு வந்தது. பெற்றோல் மணம். முறித்த தண்டின் மணம்.

கத்தி. கத்தி எங்கே. பாத்திரம் கழுவும் தொட்டிக்குள். எடுத்தாள். வெட்டினால்?

வெட்டினால் இன்னும் வரும்.

கத்தி கையிலிருந்து விழுந்தது.

குசினிக் கதவு திறந்தது. முதலில் வந்ததற்கு அவனுடைய முகம் முழுமையாக இருந்தது. கழுத்துக்குக் கீழே எல்லாம் புதிது, வெளிறிய பச்சை, பனியில் நனைந்து மினுங்கியது. அதன் பின்னால் வந்ததற்கு அவனுடைய மார்பும் தோள்களும். அவற்றின் மேல் கைமுட்டியளவு தலையொன்று அப்போதுதான் முளைத்து, கண் திறக்காமல் இருந்தது. அதற்கும் பின்னால், படியில், இன்னும் இரண்டு.

"இஞ்சாரும்," என்றன, வாய் முளைத்தவை எல்லாம். "விடிஞ்சிட்டுது. கதைப்பம்."

அவளுக்குப் பின்னால் ஜன்னலில், வெட்டுப்படாத அவளுடைய தண்டு நிமிர்ந்து நின்றது. சூரியன் அடுத்த வீட்டுக் கூரையைத் தாண்டிக் குசினி முழுவதையும் வெளிச்சமாக்கியது. வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று அவை ஒரு கணமும் தேடவில்லை. தலை இருந்தவை தலையாலும், இல்லாதவை வெட்டுப்பட்ட கழுத்தாலும், மெல்ல மெல்ல, அவள் பக்கமாகச் சாய்ந்தன.