சின்னவள் எழுதாத பதில்கள்

அண்ணன் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷம் கழித்துத் தங்கையைப் பார்க்கிறவன், "வா" என்று சொல்வதற்கு முன்னால் அவளுடைய தோள்பையைத்தான் பார்த்தான்.

"எல்லாம் கொண்டுவந்துட்டியா?"

"கொண்டுவந்திருக்கேன். உள்ள விடுவியா, இல்ல வாசல்ல வச்சே அழிக்கணுமா?"

அவன் சிரிக்கவில்லை. முகத்தில் ஒரு வாரத் தாடி. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

பழைய கணினிகளைக் கைமாற்றுவதற்கு முன் அவற்றில் இருப்பதையெல்லாம் துளி மிச்சமில்லாமல் அழித்துக் கொடுப்பது அவள் தொழில். அலுவலகத்தில் அவளுக்கு 'ரப்பர்' என்று பெயர். வீட்டில் 'சின்னவள்'. அப்படிக் கூப்பிட்ட அம்மா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

சாவுக்குக்கூட அவள் வரவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள்தான் அண்ணன் தகவல் சொன்னான். அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது என்பதால் போனில் பேச வழியில்லை. மெயில்தான். வேலைக்கென்று அவள் வெளியூர் போன முதல் வருஷம் வாரத்துக்கு இரண்டு மெயில் வரும். பிறகு ஒரு நாள் சட்டென்று நின்றுபோனது. அவளும் எழுதி எழுதிப் பார்த்தாள். ஒரு வரி பதில் இல்லை. கேட்டால் அண்ணன், "நீ விட்டுட்டுப் போன கோபம். உன் முகத்துலயே முழிக்க மாட்டேங்கிறாங்க. வந்தா பிரஷர் ஏறும், கொஞ்ச நாள் போகட்டும்" என்பான். கூடப்பிறந்தவன் சொல்கிறான், நம்பினாள்.

அம்மாவின் அறை வீட்டின் கடைசியில் இருந்தது. மதியம் மூன்று மணிக்கே அங்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலை யாரோ ஆணி வைத்து அடித்திருந்தார்கள். தலைவலித் தைலத்தின் வாசனை இன்னும் போகவில்லை.

"மெயிலெல்லாம் நானே டெலிட் பண்ணிட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணியாச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமே இல்லன்னா நான் எதுக்கு?"

"ஒரு நிம்மதிக்குத்தான். வெளியாளக் கூப்பிட்டா நோண்டிப் பாப்பான்."

சொன்னவன் நிலைப்படியைத் தாண்டி உள்ளே கால் வைக்கவே இல்லை. கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டான்.

அண்ணனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்த மாதிரி மெயில் பெட்டியில் அழித்த கடிதம் உடனே போய்விடாது. அதன் தலைப்பு மட்டும்தான் கண்ணிலிருந்து மறையும். பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டு புத்தகத்தையே கிழித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது மாதிரி. அதனால் எதை அழிப்பதற்கு முன்னும், திரும்ப எடுக்கக்கூடியது என்னென்ன என்று அவள் ஒரு பட்டியல் போடுவாள். அழித்த பிறகு அதே பட்டியலை வைத்துத் தேடுவாள். ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால்தான் வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போடுவாள்.

தேடலை ஓடவிட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் என்று காட்டி நின்றது.

டக்.

விசைப்பலகையிலிருந்து வந்த சத்தம் அது. அவள் இரண்டு கையும் மடியில் இருந்தன.

வெகுநேரம் ஒன்றுமில்லை. அடுத்த எழுத்து எங்கே என்று யாரோ தேடுகிற அவகாசம்.

டக்.

அம்மா ஒற்றை விரலால்தான் தட்டுவாள்.

எழுந்து ஓட நினைத்தாள். விசைப்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். சத்தம் பத்து நிமிடம் போல விட்டுவிட்டு வந்தது, பிறகு நின்றது. எண்ணிக்கை முந்நூற்றுப் பதின்மூன்று ஆகியிருந்தது.

கடைசிக் கடிதத்தின் நேரம் இன்று மூன்று நாற்பத்திரண்டு. சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பத்துமூன்று. திறந்தாள்.

"என்னைப் பாக்க வரமுடியாதுன்னு எழுதினவ, நான் எழுதி வச்சத அழிக்க மட்டும் வந்துட்டியா?"

அப்படி அவள் எழுதவே இல்லையே.

பட்டியலில் பின்னோக்கிப் போனாள். அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு அவள் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை. அவளிடமிருந்து எது வந்தாலும் நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போகும்படி பெட்டியில் ஒரு கட்டளை போட்டு வைத்திருந்தார்கள். அவற்றுக்கு இடையிடையே அம்மாவின் கடிதங்கள்.

"கண்ணு, ரெண்டு நாளா மூச்சு வாங்குது. ஒரு தடவ வந்துட்டுப் போ."

அதற்கும் பதில் இருந்தது. கீழே 'சின்னவள்' என்று அவள் பெயரிலேயே.

"எனக்கு வேல தலைக்கு மேல இருக்கு. சும்மா சும்மா எழுதாதீங்க. அண்ணன் இருக்கான்ல? இனிமே அவன்தான் உங்களுக்கு எல்லாம்."

அம்மாவின் முகவரிப் புத்தகத்தில் 'சின்னவள்' என்ற பெயரைச் சொடுக்கினாள். உள்ளே இருந்தது அவள் முகவரி இல்லை. யாரோ மாற்றியிருந்தார்கள். அந்த முகவரிக்கு, "நீ யாரு?" என்று இரண்டு வார்த்தை அனுப்பினாள்.

கதவுக்கு வெளியே அண்ணனின் கைபேசி மணியடித்தது.

சத்தமில்லாமல் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எத்தன நாளாண்ணா?"

அவன் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்தான். பேச்சு கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "ராவும் பகலும் பாத்துக்கிட்டது நான். குளிப்பாட்டி விட்டது நான். கூப்பிட்டது உன்ன. சோறு ஊட்டினா, சின்னவ சாப்பிட்டாளான்னு கேப்பாங்க. ஒரு தடவையாவது என் பேரச் சொல்லட்டும்னு பாத்தேன்."

"அதுக்கு, நான் சொன்ன மாதிரி எழுதுவியா?"

"நீ வேணாம்னுட்டா மறந்துடுவாங்கன்னு நெனச்சேன். மறக்கல." அவன் அறைக்குள் எட்டிப் பார்த்தான். "இப்பவும் மறக்கல. தினம் ஒண்ணு வருது எனக்கு. உன்னத் திட்டி. அழிச்சாலும் வருது. உன் கால்ல விழறேன், எப்படியாவது நிறுத்திடு."

வெளியாள் யாராவது இதைச் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். கூட வளர்ந்தவன் கழுத்தை அறுத்திருக்கிறான். இத்தனை நாளாக அம்மாவுக்குத் தன் மேல் கோபம் என்று அழுதிருக்கிறாள். அந்தக் கோபம் உண்மைதான். அதை உண்டாக்கியவன் இவன்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

தைல வாசனை பிடரியில் வந்து நின்றது. சில்லென்று, மிக அருகில்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அந்தப் பதில்களை மகள் எழுதினாள் என்று நம்பிக்கொண்டே செத்தாள். நம்பிக்கொண்டேதான் இப்போது பின்னால் நிற்கிறாள். கத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அம்மாவுக்குக் காது கேட்காது.

எழுதித்தான் சொல்ல வேண்டும்.

திரும்பிப் பார்க்காமல் பக்கவாட்டில் நகர்ந்து மேசையை அடைந்தாள். தன் கடிதங்களைத் தள்ளிவிடும் அந்தக் கட்டளையை முதலில் நீக்கினாள். அண்ணன் காலி செய்திருந்த குப்பைத்தொட்டியில் தன் பழைய கடிதங்களை மீட்டு வைத்தாள். பிறகு தன் கைபேசியை எடுத்தாள்.

"அம்மா, முதல் வருஷத்துக்கு அப்புறம் உங்ககிட்டேருந்து எனக்கு ஒரு கடிதமும் வரல. அந்தப் பதில் எதையும் நான் எழுதல. என் பேர்ல எழுதினது அண்ணன். நான் எழுதினதெல்லாம் குப்பைத்தொட்டியில இருக்கு. ஒண்ணையாவது படிங்க. வரச் சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன்மா."

அனுப்பினாள். திரையில் அம்மாவின் பெட்டியில் அது வந்து விழுந்தது. படிக்காத கடிதம் என்பதால் தடித்த எழுத்தில்.

காத்திருந்தாள்.

யாரும் எதையும் தொடவில்லை.

தடித்த எழுத்து மெலிந்தது.

பிறகு குப்பைத்தொட்டி தானாகத் திறந்தது. அவளுடைய பழைய கடிதங்கள் ஒவ்வொன்றாக, நிதானமாக மெலிந்துகொண்டே போயின. எழுத்துக்கூட்டிப் படிக்கிற வேகம். கடைசிக் கடிதம் முடிந்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அழுதுகொண்டே நின்றாள். பிடரியிலிருந்த குளிர் விலகி, அவளைக் கடந்து, கதவுப் பக்கம் போனது.

அவள் மின்சாரத்தைத் துண்டித்து, திருகாணிகளைக் கழற்றி, கணினியின் டிஸ்க்கை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அழிக்கத்தானே?" என்றான் அண்ணன்.

"இல்ல. அம்மா எனக்கு எழுதினது. என்கிட்டதான் இருக்கணும்."

அவள் செருப்பை மாட்டும்போது அவன் கைபேசி மணியடித்தது. அவன் பார்த்தான். பார்த்தவன் அதை அவளிடம் நீட்டினான். அம்மாவிடமிருந்துதான். ஆனால் தினமும் வருகிற "சின்னவளே" அதன் தலையில் இல்லை.

"பெரியவனே, அவ பேர்ல எழுதினது நீதானா?"

டிஸ்க் அவள் பையில் இருந்தது. அறையில் மின்சாரம் இல்லை.

அவன் கைபேசியை அணைக்கப் போனான். அதற்குள் இன்னொன்று வந்தது.

"சரி. இனிமே உனக்கே எழுதறேன்."