ஒரு டிகிரி

மழையில் தொப்பலாக நனைந்து, மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தவள், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் சுவரில் இருந்த ஏசிக் குமிழைப் பிடித்துத் திருப்பினாள். பத்தொன்பதிலிருந்து... இருபத்தாறுக்கு.

"அதத் தொட்டா ஷாக் அடிக்கும்."

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். குரல் தரையிலிருந்து வந்தது. பெரிய தகரக் குழாய் ஒன்றின் அடியிலிருந்து முதலில் இரண்டு கால்கள், பிறகு கிரீஸ் அப்பிய சட்டை, கடைசியாக ஒரு முகம். அந்த முகத்தில் இருந்த கண்கள்... சே, சண்டை போட வந்த இடத்தில் கண்களை எதற்குப் பார்ப்பது?

"நிஜமாவே அடிக்குமா?"

"அடிக்காது. ஆனா குளிரு பத்தலன்னா எனக்குத் திட்டு விழும். இந்த அரங்கத்து ஏசி மெக்கானிக் நான். நீங்க?"

"நாளைக்கு இங்க பவளப்பாறை மாநாடு. நான் அதுல..."

"ஓ... பச்சைமிளகாய் மேடம் நீங்கதானா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பவளம் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள் அவள். கடல் சூடாகிறது என்று கண்ணீர் விடப் போகிறவர்கள், அதற்காகவே பூமியை இன்னும் கொஞ்சம் சூடாக்கிவிட்டுப் போகக் கூடாது என்று, மாநாட்டைப் பசுமையாக நடத்தும் பொறுப்பைத் தானாகவே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் பாட்டில் கிடையாது. காகிதக் கோப்பை கிடையாது. போன வருஷத்துப் பேனரையே திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுத வைத்தாள். கூட வேலை செய்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், இந்த ஆள் வரைக்கும் வந்துவிட்டதே!

"இருபத்தாறுல வச்சா கோட்டு போட்டவங்க எல்லாம் வெந்து போயிடுவாங்க" என்றான் அவன், கையைத் துடைத்தபடி. "உங்களுக்காக வேணா இருபத்தஞ்சு. ஒரு டிகிரியில என்னங்க இருக்கு?"

அவ்வளவுதான். வேறு யாரிடமும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அவளிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

"எல்லாம் இருக்கு" என்றாள். "பவளம் கல்லு இல்லீங்க, உயிரு. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. இருக்க இடம் குடுத்ததுக்கு அது சமைச்சுப் போடும்... அந்தக் கலரும் அதாலதான். கடல் வழக்கத்தவிட ஒரே ஒரு டிகிரி ஏறி, சில வாரம் அப்படியே நின்னா போதும்... பவளம் தன்கூட இருந்தத வெளிய தள்ளிடும். வெளுத்துப் போயிடும். அப்புறம் பட்டினிதான்."

மழை தகரக் கூரையில் சடசடத்தது. அவன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தள்ளினது... திரும்பி வருமா?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் 'அடப்பாவமே' என்பார்கள். இப்படிக் கேட்டவர் யாருமில்லை.

"சூடு சீக்கிரம் தணிஞ்சா வரும்" என்றாள். குரல் தணிந்திருந்தது. "லேட்டானா வராது."

அவன் பழைய நாள்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பினான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான்.

"குமிழத் திருப்பினா மட்டும் ஆகாதுங்க. எத்தனை பேரு?"

"நானூறு."

"ஒரு ஆளு சும்மா உக்காந்தாலே நூறு வாட் பல்பு எரியிற மாதிரி சூடு வரும். நானூறு பல்பு."

"பேசினா?"

"கொஞ்சம் கூடும்." ஓரக்கண்ணால் பார்த்தான். "நீங்க பேசினா ரொம்பக் கூடும்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். உதடு அவள் பேச்சைக் கேட்கவில்லை.

அந்தக் கட்டடம் முதலில் நாடக அரங்கம், பிறகு சினிமாக் கொட்டகை. படம் ஓட்டிய அறைதான் இப்போது ஏசி அறை. திரைக்குப் படத்தின் ஒளி போன சதுர ஓட்டை வழியே மேடை தெரியும். சினிமாவுக்காகப் பலகை அடித்து மூடிய பன்னிரண்டு ஜன்னல்கள் இன்னும் பலகைக்குப் பின்னால் இருக்கின்றன என்றான் அவன். காலையில் அவற்றைத் திறந்து ஃபேன் போட்டால் ஏசியே வேண்டாம். மத்தியானம் வெயில் மேற்கே சாய்ந்ததும் மூடிவிட்டு இருபத்தாறில் ஓட்டலாம். யாரும் கோட்டு போட்டு வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கணக்கு நாள்காட்டித் தாளில் வரிவரியாக இறங்கியது.

"இன்ஜினியர் சார், பிரமாதம்."

"இன்ஜினியர் இல்லீங்க. மெக்கானிக்."

அன்று மாலைக்குள் இருவருமாகப் பலகைகளைக் கழற்றினார்கள். ஏணியின் மேலே அவன், கீழே பிடித்துக்கொண்டு அவள். கடைசி ஜன்னல் திறந்தபோது மழைச்சாரல் முகத்தில் அடித்தது... இருவர் முகத்திலும். அந்தக் கண்களை அப்போதுதான் அவள் நன்றாகப் பார்த்தாள். பார்த்துத் தொலைத்தாள் என்பதுதான் சரி.

மாநாட்டின் முதல் நாள் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்ட விஞ்ஞானிகள், ஜன்னல் காற்றில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஏசி அறைக் கதவில், 'மிளகாய்க்கு அனுமதி இல்லை' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அன்றைக்கு மட்டும் அவள் ஐந்து முறை அனுமதியில்லாமல் போனாள்.

இரண்டாம் நாள் மத்தியானம்தான் வினை வந்தது. மாநாட்டுத் தலைவரான பேராசிரியர், அவளுக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்தவர், நடைவழியில் அவளை நிறுத்தினார்.

"யாரைக் கேட்டும்மா ஜன்னலத் திறந்தீங்க? அந்த மெக்கானிக் போட்ட கணக்குன்னு சொல்றாங்களே... அவருக்கு என்ன டிகிரி? யாராவது ஒருத்தர் மயக்கம் போட்டு விழுந்தா யார் பதில் சொல்றது? பேசாம எல்லாத்தையும் மூடிட்டுப் பழையபடி பத்தொன்பதுல வைங்க."

என்ன டிகிரி... அவளுக்குப் புதிய கேள்வியா அது? வீட்டில் மிக்சி ரிப்பேர் பார்க்க வருகிறவரைக்கூட 'என்ன படிச்சிருக்கீங்க' என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா உள்ளே விடுவார். அவளுக்கு வரும் வரன்களையும் அம்மா டிகிரி வாரியாகத்தான் அடுக்கி வைத்திருந்தாள். ஆறு மாத உழைப்பு கண்ணெதிரே சரிவது தெரிந்தது. வாய் முந்திக்கொண்டது.

"டிகிரியெல்லாம் இல்ல சார். அவர் வெறும் மெக்கானிக். கணக்கு... நான் போட்டதுதான்."

"நீங்க போட்டதா? அப்ப சரி" என்று பேராசிரியர் நிம்மதியாகப் போய்விட்டார்.

அவள் திரும்பினாள். தோளில் ஏணியோடு அவன் நின்றிருந்தான்.

"கொஞ்சம் வழி விடுங்க மேடம்."

அவ்வளவுதான் சொன்னான். இரண்டு நாளாக 'மிளகாய்' என்று கூப்பிட்டவனின் வாயில் அந்த 'மேடம்' அறைந்த மாதிரி இருந்தது.

மேலே போய்ப் பார்த்தாள். கதவில் அந்தத் தாள் இல்லை. டேப்பின் தடம் மட்டும் இருந்தது. இப்போது யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஆனால் உள்ளே போகக் கால் வரவில்லை. வாசலில் நின்றே கூப்பிட்டாள்.

"என் மேல கோபமா?"

"இருபத்தாறுலதான் ஓடுது மேடம்."

"நான் அதக் கேக்கல..."

"வேற ஒண்ணும் இல்ல மேடம்."

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். எவ்வளவு கேவலமான காரியம் செய்துவிட்டோம் என்று படியில் உட்கார்ந்து அழுதாள். மாநாட்டைக் காப்பாற்றத்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. கூடவே இருந்து உயிர் கொடுத்ததைத் தானே வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறோம்... இதற்கு என்ன ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது?

மூன்றாம் நாள் மாலை, நிறைவு விழா. மூன்று நாள் மின்சாரச் செலவை அறிவிக்க அவள் மேடை ஏறினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் ஜன்னல்களை முன்னதாகவே மூடியிருந்தார்கள். போன வருஷத்தைவிடப் பாதிக்கும் குறைவு என்றதும் அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் பேராசிரியர் பெருமையாகத் தலையாட்டினார்.

அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கையில் இருந்த தாள் நனைந்து ஒட்டியது.

"இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "இந்தக் கணக்கு நான் போட்டது இல்ல. போட்டவர் இந்த அரங்கத்தோட ஏசி மெக்கானிக். பன்னெண்டு ஜன்னலையும் கண்டுபிடிச்சுத் திறந்தவர் அவர்தான். அவருக்கு டிகிரி இல்லைங்கிறதால, நேத்து எங்க சார்கிட்ட நான் போட்டதுன்னு பொய் சொன்னேன். அந்தக் கைதட்டல் அவருக்குச் சேர வேண்டியது. நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

 பின்வரிசையிலிருந்து கைதட்டல் கிளம்பி முன்னால் வந்தது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு அவரும் தட்டினார். அவள் அண்ணாந்து பார்த்தாள். சதுர ஓட்டையில் ஒரு நிழல் அசைந்தது. எங்கிருந்தோ சில்லென்று ஒரு காற்று வந்து நெற்றியைத் துடைத்தது. உண்மையைச் சொன்ன நிம்மதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மாடியும் ஓடியே ஏறினாள். கதவு திறந்திருந்தது. அவன் குழாயில் சாய்ந்து நின்றிருந்தான். அவள் பார்வை பழக்கத்தில் குமிழுக்குப் போயிற்று.

இருபத்தைந்து.

"யாரு... இதத் தொட்டது?"

"நான்தான்." அவன் தரையைப் பார்த்தான். "மேடையில வேர்த்து வழிஞ்சு நின்னீங்க. பாத்துக்கிட்டு இருக்க முடியல."

"அது... நான் உண்மையச் சொல்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

 அவன் காது சிவந்தது.

முன்னாடிதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு கோபத்திலும்... இவனா வெறும் மெக்கானிக்?

"ஒரு டிகிரியில என்னங்க இருக்கு?" என்றாள் மெல்ல.

"எல்லாம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"திரும்பி வருமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அதே கண்கள்... ஆனால் இந்தத் தடவை அவள் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

"சூடு தணிஞ்சிடுச்சு" என்றான். "லேட்டும் ஆகல."

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. "ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னப்பவே."

"எனக்கு அதுக்கும் முன்னாடி. நீங்க ஷாக்குன்னு பயந்து கைய இழுத்தப்பவே."

மழை தகரக் கூரையில் கொட்டியது. வெட்கம் தாங்காமல் அவள் திரும்பிக் குமிழைப் பழையபடி இருபத்தாறுக்குத் திருப்பினாள். அவன் கையும் அங்கேதான் இருந்தது. இருவருமே எடுக்கவில்லை.

"வேர்க்குமே" என்றான்.

"வேர்க்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி அவன் கேட்டான்.

"உங்க அப்பா... எனக்கு என்ன டிகிரின்னு கேட்டா?"

"இருபத்தாறுன்னு சொல்லுங்க" என்றாள் அவள். "அதுக்குக் கீழ இறங்க மாட்டேன்னு நானும் சொல்லிடுறேன்."