குடத்தடியில் கிடந்த தகடு

கரண்ட் போன சாயங்காலம். அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிகளின் கந்தக வாடை ஜன்னல் வழியே வந்து அடுக்களைப் புகையோடு கலந்து நின்றது. பேட்டரி விளக்கை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துக் குனிந்த இசைவாணி நிமிரவேயில்லை. ஒரு தடமும் இருக்கக்கூடாத பிளாஸ்டிக் துண்டு முழுக்கத் தடங்கள்.

அதிவேகத் துகள் வந்து மோதினால் தோரியம் மாதிரிக் கனத்த அணுவின் கரு இரண்டாகப் பிளக்கும். பிளந்தவை எதிரெதிர்த் திசையில் பறந்து, பக்கத்தில் வைத்த பிளாஸ்டிக்கைக் கிழிக்கும். சூடான காரக் கரைசலில் ஊறவைத்தால்தான் கிழிசல்கள் ஜோடி ஜோடியாகத் தெரியும். அதைப் பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் அந்தத் துகள்களால் அடிவாங்கித் திரும்பிய தோரியத் தகட்டை, கல்லூரியில் மராமத்து நடப்பதால் ஈயப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். இந்தத் துண்டோ ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வெற்றுத் துண்டு. அடுக்களை அலமாரியில் சும்மா கிடந்தது.

பீரோவிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தாள். காலி.

பட்டாசுத் திரி வேலை முடிந்து வந்து, கொல்லையில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தான் அவள் புருஷன் செல்வக்குமார்.

"பெட்டியத் தொட்டீகளா?"

"நான் எதுக்குத் தொடப்போறேன்? தொடமாட்டேன்னு பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன்ல?"

சொல்லிவிட்டுக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெட்டி வந்த நாளிலிருந்து இவன் வீட்டுத் தண்ணீரை ஒரு வாய் குடிக்கவில்லை.

அலமாரிக்கு நேர் கீழே குடிதண்ணீர்க் குடம். கையை விட்டாள். சில்லென்றிருந்தது. முழங்கை நனைந்தது. அடியில் விரலுக்குத் தட்டுப்பட்டது தகடு.

"திரி நனைஞ்சா அமந்துரும்மா. அதான் தண்ணியில போட்டா இதுவும் அமந்துரும்னு நெனச்சேன். வீட்டுக்குள்ள அத வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கமே வரல."

"சரி, பயந்தீக. நீங்க மட்டும் ஏன் குடிக்கல?"

அவன் பாட்டிலைப் பார்த்தான்.

அடப்பாவி! சோறு வடித்தது, பிள்ளைக்குப் பால் கரைத்தது, எல்லாம் இந்தத் தண்ணீரில்தான். பிள்ளை வேல்விழி டம்ளர் டம்ளராய்க் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான், தாலி கட்டியவன்.

மேசைக்கு ஓடினாள். துண்டுகளே கோளாறாக இருக்கட்டும், கடவுளே, வாங்கியதே கோளாறாக இருக்கட்டும். உறை பிரிக்காத புதுத் துண்டு ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள்.

சுத்தமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"அம்மா."

உள்ளறையில் பிள்ளை எழுந்துவிட்டாள். கொலுசு கேட்டது.

பளிங்குபோல் இருந்த துண்டில் ஒரு தடம் விழுந்தது. எதிரே இன்னொன்று. இசைவாணி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். காரத்தில் ஊறாத துண்டு. தெரியாது. தெரியவே கூடாது.

கொலுசு நிலைப்படி தாண்டியது. ஒரு ஜோடி. பக்கத்தில் ஒரு ஜோடி.

"ஏங்க, பிள்ளையத் தூக்குங்க!"

செல்வக்குமார் சுவரோடு ஒட்டிப் பின்வாங்கினான்.

கொலுசு. தடம். கொலுசு. தடம்.

"அம்மா, தண்ணி."

சின்னக் கைகள் அவள் சேலையைப் பிடித்தன. மடியில் ஏறி, நெஞ்சோடு சாய்ந்து உட்கார்ந்தாள் பிள்ளை. சூடாக இருந்தாள். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள் இசைவாணி. துண்டில் தடம் விழ இனி இடமில்லை.